ஓட்டை போடாமல் மாட்டிய சோலார்

அனுமதிக் கடிதம் வரும்வரை வாடிக்கையாளர் தங்கமான மனிதர். வந்த மறுநாளே அவர் மாப்பிள்ளை வீட்டாராக மாறிவிடுவார். "எப்ப வாரீக? ஏன் இன்னும் வரல? சொல்லிட்டா வர வேண்டாமா?" இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுக் கேட்டே என் தலை வழுக்கையாகிவிட்டது.

சோலார் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். தகடு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், எந்த வயரை எதோடு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதில் வாயைக் கொடுத்து நான் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. கடிதம் வந்ததற்கும் வேலை தொடங்குவதற்கும் நடுவில் சில நாட்கள் இருக்குமே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் அசடு வழிந்ததெல்லாம் அந்த நாட்களில்தான்.

இரண்டாயிரத்தெட்டு வாக்கில் விருதுநகரில் ஒரு சிறிய கம்பெனியில் இருந்தேன். இன்வெர்ட்டர், பேட்டரி, கூடவே வீட்டுக்கு சோலார். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். சோலார் கேட்டு வருபவர்கள் அதிகமானார்கள். அரசு மானியத்துக்கு எழுதிப் போட்டால் நாலைந்து மாதம் கழித்து அனுமதிக் கடிதம் வரும். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து அறுபது நாளுக்குள் மாட்டி முடித்து ஆபீசரிடம் காட்ட வேண்டும். தவறினால் அந்தக் கடிதம் வெறும் காகிதம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த வீட்டுக்கு என்றைக்கு ஆள் போவது என்று தேதி கொடுப்பது என் வேலை.

முதல் கூத்து திருத்தங்கலில் நடந்தது. அங்கே ஒரு அச்சகக்காரர், கல்யாணப் பத்திரிகையும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடிப்பவர். அவருடைய கடிதம் தீபாவளி சீசன் உச்சத்தில் வந்தது. எனக்கு ஒரே குஷி. உடனே போனைப் போட்டு, "அண்ணாச்சி, அனுமதி வந்திருச்சு. தகடு லாரி ஏறிருச்சு. வர்ற வெள்ளிக்கிழமை மாட்டிருவோம்" என்றேன்.

வேறு ஊர்க்காரராக இருந்தால் சந்தோஷப்பட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார். இவரிடம் மெஷின் இருக்கிறது, மை இருக்கிறது, வெட்டியது போக மிஞ்சிய ஆர்ட் பேப்பரும் இருக்கிறது. அன்று சாயங்காலமே நான்கு கலரில் அழைப்பிதழ் அடித்துவிட்டார். 'சூரிய ஒளி மின்சாரத் திறப்பு விழா' என்று மேலே ஒரு சூரியன், கீழே காலை ஒன்பது மணிக்கு மேல் பத்து மணிக்குள் சுப வேளை, அனைவரும் வருக. அதில் 'முன்னிலை' என்று என் பெயரையும் போட்டிருந்தார். என் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயர் அத்தனை பெரிதாக இல்லை.

தகடு ஏறிய லாரியின் டிரைவர் சீசன் அவசரத்தில் விருதுநகரில் வண்டியை நிறுத்தாமல் நேரே சிவகாசிக்கு விட்டுவிட்டார். உள்ளே மூலையில் கிடந்த எங்கள் பெட்டிகளை யாரும் கவனிக்கவில்லை. அவற்றை மறைத்துக்கொண்டு பட்டாசு லோடு ஏறியது. கதவைச் சாத்திக்கொண்டு வண்டி வடக்கே போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை நான் போன் போட்டபோது தகடுகள் நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தன.

விழா நடந்தது. அழைப்பிதழ் போன பிறகு எப்படி நிறுத்துவது? சொந்தபந்தம் எல்லாம் வந்து குத்துவிளக்கு ஏற்றி, மொட்டைமாடிக்கு ஏறி, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு இறங்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் என் தோளைத் தட்டி, "நல்லா இருக்குப்பா, கண்ணுக்கே தெரியல. எம்புட்டு முன்னேறிருச்சு" என்றார். அவர் கேலி செய்தாரா, மெய்யாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பந்தியில் உட்கார்ந்தேன். கேசரியைத் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

சூடு பட்ட கையோடு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கடிதம் வந்தாலும் வந்ததாகச் சொல்லக் கூடாது. தகடு, பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் நம் குடோனுக்கு வந்து, நான் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் வாயைத் திறக்க வேண்டும். பிரமாதமான சட்டம் என்று நினைத்தேன். அந்தச் சட்டம்தான் என்னை ஆமத்தூரில் தலைகுனிய வைத்தது.

ஆமத்தூர் குருசாமி அண்ணாச்சி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைப் பார்க்க நானும் ஃபிட்டர் சந்தனமும் முதன்முதலில் போனபோதே கேட்டில் நிறுத்திவிட்டார். "பையில தீப்பெட்டி, பீடி இருந்தா இங்கன வச்சுட்டு வாங்க. செல்லை ஆஃப் பண்ணுங்க. சட்டை நைலானா, காட்டனா?"

"அண்ணாச்சி, இது வீடு" என்றேன்.

"தெரியும். பழக்கம் விடமாட்டேங்குது" என்று சொன்னாரே தவிர, சந்தனத்தின் பீடிக்கட்டு வாசல் சுவர்மேல் வைக்கப்படும்வரை வழிவிடவில்லை.

அன்றைக்கே அவர் காரணத்தைச் சொல்லிவிட்டார். மகள் முத்துச்செல்வி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள், வைகாசி முதல் வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "இவ பொறந்தது ஆவணி மாசம் தம்பி. சீசன் நேரம். நான் பூராவும் ஆலையிலயே கெடந்தேன். வீட்டுல ஃபேன் கெடையாது. ஒரு மாசம் கை ஓய விசிறி வீசுனது எம் பொண்டாட்டிதான். ஒரு வாட்டி, ஒரே வாட்டி கூட நான் அந்த விசிறியைத் தொட்டதில்ல. இந்தப் பேரப்பிள்ளை அக்கினி வெயில்ல வருது. அது தலைக்கு மேல ஃபேன் நிக்கக் கூடாது." ஆலையில் நூறு பேரை அதட்டி வேலை வாங்கிய குரல், இதைச் சொல்லும்போது தழுதழுத்துவிட்டது.

எழுதிப் போட்டோம். பங்குனி முதல் வாரம் கடிதம் வந்தது. தகடும் வந்துவிட்டது, பேட்டரிதான் வரவில்லை. என் சட்டப்படி கடிதத்தை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

குருசாமி அண்ணாச்சி திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறி விருதுநகர் வந்துவிடுவார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "தம்பி, கடிதாசி வந்துருச்சா?" என்பார். "இன்னும் இல்ல அண்ணாச்சி, வந்ததும் நானே போன் போடுறேன்" என்பேன். கடிதம் என் முழங்கைக்குக் கீழே டிராயரில் இருக்கும். மூன்று திங்கட்கிழமை, மூன்று பொய். ஒன்றுக்குக்கூட எனக்குக் கூசவில்லை. அவர் நன்மைக்குத்தான் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

இருபத்திரண்டாம் நாள் பேட்டரி வந்து சேர்ந்தது. எல்லாச் சாமானையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அண்ணாச்சியைத் திகைக்க வைக்கிறேன் பார் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஆமத்தூர் போய் இறங்கினேன்.

வாசலில் வாடிய வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே கூடத்தில் முத்துச்செல்வி இரண்டு கையும் நிறைய வளையலோடு, தூக்க முடியாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள்தான் வளைகாப்பு நடத்திக் கூட்டி வந்திருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "ஏலே, வந்துட்டாக! வாங்க, வாங்க!"

சந்தனம் முதலில் இறக்கியது டிரில் மெஷினை. அதைப் பார்த்ததும் அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் நிலைவாசலில் குறுக்கே வந்து நின்றார்.

"அது என்னது?"

"டிரில் மெஷின்க்கா. ஓட்டை போட" என்றான் சந்தனம்.

"ஓட்டையா? வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா, கண்ணு தெரியலையா? இந்த வீட்டுல ஓட்டை போடப்படாது, ஆணி அடிக்கப்படாது, ஒரு செங்கல்லை உடைக்கப்படாது. நேத்து காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போன மனுசனையே சத்தம் போட்டு எறக்கி விட்டுருக்கேன். நீங்க மெஷினோட வாரீக!"

அண்ணாச்சி மெதுவாக, "இது அந்தப் புள்ளைக்காகத்தானே பேச்சி" என்றார்.

"அதனாலதான் சொல்லுறேன். பெத்து எறங்கட்டும். முப்பது நாள் தீட்டு கழியட்டும். பெறகு தாராளமா வந்து வீட்டையே பேத்துப் போடுங்க."

நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். "அக்கா, அறுபது நாள்தான் நேரம். தாண்டுனா அனுமதி போயிரும்." அவசரத்தில் நீட்டிவிட்டேன். அதை வாங்கியது அண்ணாச்சி. எந்தக் காகிதத்தையும் மேலிருந்து கீழ்வரை படிக்கிறவர். தேதியில் அவர் விரல் நின்றது. விரல் விட்டு எண்ணினார்.

"தம்பி, இது வந்து இருபத்திரண்டு நாள் ஆச்சே."

நான் வண்டியில் இருந்த பேட்டரியைக் கை காட்டினேன்.

"மூணு வாட்டி வந்தேனே தம்பி. வேகாத வெயில்ல வந்தேன். அன்னைக்கே சொல்லியிருந்தா இவ வாரதுக்கு முன்னாடி ஓட்டையும் போட்டு, எல்லாம் முடிச்சிருக்கலாமே."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் திட்டவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திருத்தங்கல் கதையைச் சொல்லிப் பார்த்தேன். காலி மாடிக்குக் குத்துவிளக்கு ஏற்றிய இடத்தில் முத்துச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

சந்தனம் என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். "சார், சிம்பிள். அந்தப் பொண்ணு செக்கப்புக்கு சிவகாசி போகும்ல. அம்மாவும் கூடப் போகும். ஒரு மணி நேரம். நைசா போட்டுட்டு, சிமெண்டுப் பூச்சு பூசி மறைச்சிருவோம்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அண்ணாச்சியிடம் போய்க் காதோடு காதாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு பொய் சொல்லி இங்க வந்து நிக்குறீக. இன்னொண்ணா? அந்த நம்பிக்கை எனக்கும் பெருசா இல்ல தம்பி. ஆனா நாளைக்குப் புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட, அந்த ஓட்டை நெனப்புதான் எனக்கு வரும். காலம் பூரா பேச்சி மூஞ்சியைப் பாத்து எப்படி முழிக்க?"

பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி நெருக்கும்போது வாடிக்கையாளர் வீட்டு நம்பிக்கையை ஒரு மணி நேரத்தில் ஏமாற்றிவிடலாம் என்று தோன்றும். உங்களுக்கு ஒரு மணி நேரம். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஆயுசுக்கும். நான் டிரில்லை வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

அண்ணாச்சி திடீரென்று போர்மேன் குரலில் சந்தனத்தைக் கூப்பிட்டார். "இங்கன வா. மொத்தம் எத்தனை ஓட்டை?"

சந்தனம் எண்ணினான். "மாடியில எட்டு. சுவத்துல வயர் கிளிப்புக்கு ஆறு. வயர் உள்ள நொழைய ஒண்ணு. இன்வெர்ட்டர் மாட்ட நாலு. பத்தொன்பது."

"ஒவ்வொண்ணா சொல்லு, எதுக்குன்னு. ஆலையில மருந்து ரூமுக்குள்ள இரும்புச் சாமான் கொண்டுபோகக் கூடாதுன்னு சட்டம். அதுக்காக நாங்க வேலை பாக்காமலா இருந்தோம்?"

அடுத்த ஒரு மணி நேரம் அவர் ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டினார். இன்வெர்ட்டரைச் சுவரில் ஏன் மாட்ட வேண்டும்? ஸ்டூலில் உட்காரட்டும். நான்கு ஓட்டை போயிற்று. கிளிப் எதற்கு? மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்து வயரைக் கட்டு. ஆறு போயிற்று. வயர் நுழைய வென்டிலேட்டர் இருக்கிறதே. ஒன்று போயிற்று. மீதி மாடியில் எட்டு. தகட்டுச் சட்டத்தைத் தரையோடு போல்ட் போடாவிட்டால் காற்று தூக்கிவிடும்.

"தூக்காம இருக்க என்ன வேணும்?" என்றார் அண்ணாச்சி.

"கனம் வேணும்" என்றேன். "ஒரு காலுக்கு ஒரு ஆள் கனம்."

கூடத்திலிருந்து முத்துச்செல்வியின் குரல் வந்தது. "ஆட்டுரலைத் தூக்கி வைங்கப்பா. அது கெணத்தடியில சும்மாதானே கெடக்கு."

எல்லாரும் அவளைப் பார்த்தோம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொருந்தியது. கீழே சுவர் வருகிற இடமாகப் பார்த்து வைத்தால் மாடிக்கும் ஆபத்தில்லை. சட்டத்தின் கால்களுக்குக் கீழே அகலமான இரும்புப் பட்டை வைத்து, அதன்மேல் ஆட்டுரலை உட்கார வைத்து, சங்கிலியால் கட்டிவிட்டால் ஆடி மாதக் காற்றே வந்தாலும் அசையாது.

பேச்சியம்மாள் மட்டும் இன்னும் வாசலை விட்டு நகரவில்லை. "அந்த இரும்புப் பட்டைக்கு ஓட்டை போட வேணாமா?"

"போடணும்க்கா. இங்க இல்ல. விருதுநகர்ல, வெல்டிங் பட்டறையில."

"அந்தப் பட்டறைக்காரர் வீட்டுல யாரும் மாசமா இருக்காகளா?"

"அவருக்கு எழுபது வயசு. வீட்டம்மாவுக்கு அறுபத்தஞ்சு."

"மருமக?"

அங்கேயிருந்தே பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். மருமகள் கோயம்புத்தூரில் இருக்கிறாளாம், விசேஷம் ஒன்றும் இல்லையாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் இன்றுவரை என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார். பேச்சியம்மாள் வாசலை விட்டு விலகினார்.

ஆட்டுரல் நான்கு வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்று. தெருவில் இரண்டு வீட்டில் உடனே கொடுத்தார்கள். நான்காவதுக்கு எதிர்வீட்டு அம்மா நிபந்தனை போட்டார். "கரண்ட் இல்லாதப்ப மிக்ஸி ஓடாது, எனக்கு இந்த ஒரலுதான் கதி. இதைத் தந்துட்டா உளுந்தை எதுல ஆட்ட?" கடைசியில், கரண்ட் போனால் அவர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து அரைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் ஆனது. மிக்ஸி போட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நான்கு உரல்களையும் மாடிக்கு ஏற்றத் தெருவே திரண்டது. அண்ணாச்சி கேட்டில் நின்று ஒவ்வொருவர் பையையும் சோதித்துத்தான் உள்ளே விட்டார். சுவர்மேல் பீடிக்கட்டு வரிசையாக அடுக்கியிருந்தது.

ஐம்பதாவது நாள் ஆபீசர் வந்தார். மாடிக்கு ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். ஏற்கனவே திருத்தங்கலில் காலி மாடியைக் காட்டியவன் நான். இன்று மாடி நிறைய உரல்.

"இது என்ன ஃபிட்டிங்?" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. இந்த வீட்டில் எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அவர் கண்ணாடிதான் கழன்றது. "என் சம்சாரம் மாசமா இருந்தப்ப எங்க அம்மா, வீட்டுல ஒரு வருசம் வெள்ளையடிக்கவே விடலை" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வைகாசி மூன்றாம் தேதி சிவகாசி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை வீட்டுக்கு வந்த நாளில் அண்ணாச்சி எனக்குப் போன் போட்டு, "வாங்க" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். நடுமத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வெளியில் வெயில் கொளுத்தியது. கூடத்தில் பாயில் தாயும் பிள்ளையும். தலைக்கு மேலே ஃபேன். தீட்டு வீடென்று வாசல் பக்கமே நின்று எட்டிப் பார்த்தேன். அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று எதிர்வீட்டு டிவி சத்தம் அறுந்தது. தெரு அமைதியாகிவிட்டது. கரண்ட் போயிருந்தது.

ஃபேன் நிற்கவில்லை. குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை.

அண்ணாச்சி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "மூணு வாட்டி பொய் சொன்னீகளே, அது மனசுல முள்ளு மாதிரி இருந்துச்சு தம்பி. இப்ப போயிருச்சு" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதற்குள் எதிர்வீட்டு அம்மா ஊறிய உளுந்தும் மிக்ஸியுமாக வாசலில் வந்து நின்றார்.

அன்றைக்கு என் சட்டத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு கடிதம் வந்த நிமிஷமே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவேன். எது வந்தது, எது வரவில்லை, இன்ன தேதி உறுதியில்லை என்று எல்லாவற்றையும் சொல்வேன். கூடவே, "அறுபது நாளைக்குள்ள உங்க வீட்டுக்கு யாராவது வாராகளா? பிரசவம், கல்யாணம், சடங்கு, எதுவானாலும் சொல்லுங்க" என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள். அவர்கள் பத்து தடவை போன் போட்டுத் தொல்லை கொடுக்கட்டும். காது வலித்தால் மாற்றிப் பிடித்துக்கொள்ளலாம்.

உரல்காரர்கள் திருப்பிக் கேட்டதால், முறையாக போல்ட் போட்டுத்தரச் சொல்லி அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டார். தீட்டு கழிந்ததும் டிரில்லோடு போனோம். குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. பேச்சியம்மாள் உதட்டில் விரலை வைத்து எங்களை அனுப்பிவிட்டார். அடுத்த தடவை பல் முளைத்துக் காய்ச்சல். அதற்கு அடுத்த தடவை முதல் பிறந்தநாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள் பட்டென்று முடித்துவிடுவோம் என்று மறுபடி போனோம். சந்தனம் டிரில்லைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டான். பேச்சியம்மாள் நிலைவாசலில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தார். எதுவும் சொல்லவில்லை. கூடத்தில், மறுபடி தாய்வீட்டுக்கு வந்திருந்த முத்துச்செல்வி மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

சந்தனம் டிரில்லைக் கொண்டுபோய் வண்டியில் வைத்துவிட்டு, பீடிக்கட்டைச் சுவர்மேல் வைத்தான். பிறகு திரும்பி வந்து, "எத்தனாவது மாசம்க்கா?" என்று கேட்டான்.